எவ்ஷெனின் இருக்கையிலிருந்து பார்த்தால்

தாபோர்
4 செப்டம்பர் 2012

அன்புள்ள ரதானா அக்காவுக்கு,

மே மாதத்திலிருந்து நீ என் போனை எடுப்பதில்லை. உன் மருமகள் எடுத்து "அத்தை தோட்டத்துல இருக்காங்க" என்கிறாள். பின்னாலிருந்து நீ, "செத்துட்டேன்னு சொல்லு" என்பது எனக்கு நன்றாகவே கேட்கிறது. அதனால்தான் கடிதம். கூடவே ஒரு பெட்டியும் வருகிறது. கோபத்தில் அதைத் திறக்காமலே திருப்பி அனுப்பிவிடாதே. முதலில் இதைப் படி.

போன வாரம் ஒரு அம்மா வீட்டுக்கு வந்தார். பெயர் மிலுஷே ஹவ்ரான்கோவா. மருந்துக்கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு கையில் பிளம் கேக் தட்டு, இன்னொரு கையில் நாம் செய்த மாதிரி விமானம் போட்டியில் பதக்கம் வாங்கியபோது பத்திரிகையில் வந்த படம். உட்காரக்கூட இல்லை.

"தம்பி, எனக்கு ஒரு மிக்-21 போர் விமானம் இதே மாதிரி சின்னதா செஞ்சு தருவீங்களா? வீட்டுக்குக் கொண்டுபோக இல்ல. ஒரே ஒரு விஷயம் பாக்கணும்."

"என்னம்மா பாக்கணும்?"

"உள்ள உக்காந்திருக்கறவருக்கு வேலி தெரியுமா?"

எனக்குப் புரியவில்லை. அப்புறம்தான் உட்கார்ந்து சொன்னார். அவர் கணவர் எவ்ஷென் இங்கே காட்டுக்கு அப்பால் இருந்த விமானதளத்தில் விமானி. 1973-இல் கல்யாணம். விமானிகளின் மனைவிமார் வேலிப் பக்கமே போகக்கூடாது, போனது தெரிந்தால் புருஷனைப் பறக்கவிடமாட்டார்கள் என்பது அந்தக் காலத்துச் சட்டம். இந்த அம்மா போயிருக்கிறார். காளான் பொறுக்கும் கூடையோடு காட்டு வழியாகப் போய், புதருக்குப் பக்கத்தில் நின்று, அவர் விமானம் ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும்போது சமையல் துணியை ஆட்டுவாராம். அவரிடம் சொன்னதே இல்லை. சொன்னால் பயந்துபோய் இனி வராதே என்றிருப்பார். எழுபத்தைந்து இலையுதிர் காலத்தில் ஒரு நாள் மேகத்துக்குள் போனவர் திரும்பவில்லை.

"என்னைப் பாத்திருப்பாரான்னு தெரிஞ்சுக்கணும் தம்பி. பாத்தாரான்னு கேக்கல. அது யாருக்கும் தெரியாது. பாக்க முடியுமா, அத மட்டும் சொல்லுங்க."

அக்கா, எத்தனை கண்காட்சியில் நின்றிருக்கிறோம்? எவ்வளவு நாள் பிடித்தது, என்ன விலை, குழந்தை தொட்டால் உடையுமா என்பார்கள். உள்ளே இருக்கிறவனுக்கு வெளியே என்ன தெரியும் என்று ஒருத்தர் கேட்டதுண்டா? கேக் தட்டை வாங்கி வைத்துவிட்டு, சரிம்மா என்றேன்.

விமானியின் அறைப் பாகங்களை ஒட்டி அனுப்பியிருக்கிறேன். ஒட்டுவது என் வேலை. வர்ணம் தெளிக்கும் ஏர்பிரஷ் பிடிக்க எனக்கு வராது என்பது உனக்கும் தெரியும், உலகத்துக்கும் தெரியும்.

உன் தம்பி
ஹினெக்

·

ஒபாவா
10 செப்டம்பர்

டேய் ஹினெக்,

பெட்டியைத் திறந்துவிட்டேன். உனக்காக இல்லை.

முதலில் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன், இல்லாவிட்டால் கை வேலைக்கு வராது. மே மாதப் போட்டிக்கு நான் அந்த விமானத்துக்கு அடித்துக் கொடுத்த வெள்ளி மங்கலாக இருந்தது. வேண்டுமென்றேதான் மங்கலாக அடித்தேன். நாற்பத்தெட்டில் ஒன்றாகச் சுருக்கிய விமானத்தைக் கை நீட்டும் தூரத்தில் வைத்துப் பார்ப்பது, நிஜ விமானத்தை முப்பது மீட்டர் தள்ளி நின்று பார்ப்பது மாதிரி. நடுவில் அவ்வளவு காற்று இருக்கிறது. காற்று பளபளப்பைக் குடித்துவிடும். அந்தக் காற்றையும் சேர்த்துத்தான் அடிக்க வேண்டும். டிராம் பணிமனையில் அத்தனை வருஷம் வர்ணம் அடித்தவள் நான், தூரத்தில் வரும் டிராமும் பக்கத்தில் நிற்கும் டிராமும் ஒரே சிவப்பு இல்லை என்பது எனக்குத் தெரியும்.

நீ என்ன செய்தாய்? போட்டிக்கு முந்தைய நாள், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், மெருகுப் பவுடர் போட்டுத் துணியால் தேய் தேய் என்று தேய்த்து ஸ்பூன் மாதிரி மினுக்கினாய். நடுவருக்கும் அதுதான் பிடித்தது. பதக்கமும் கிடைத்தது. அந்தப் பதக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. என் சமையலில் நீ வந்து உப்பு போட்டிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

சரி. அந்த அம்மா.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கோபத்தை மறந்தே போனேன். பாத்திரம் கழுவும்போதுதான் ஞாபகம் வந்து மறுபடி கோபப்பட்டேன். இரண்டு வருஷம் ஒரு பெண் புதருக்குப் பக்கத்தில் நின்று துணி ஆட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து ஒன்றும் தெரியாதவள் போல அந்த மனுஷனுக்கு சூப் ஊற்றியிருக்கிறாள்.

கேள்விகள்: வேலிக்கும் விமானம் ஊர்ந்து போகும் பாதைக்கும் நடுவே எவ்வளவு தூரம்? அவள் நின்ற இடம் விமானிக்கு இடது பக்கமா, வலது பக்கமா? என்ன நிறக் கோட்டு? துணி என்ன நிறம்? வெயில் யார் முதுகில்? ஊகித்து எழுதாதே. நேரில் போய் அளந்து எழுது. நில அளவைத் துறையில் சம்பளம் வாங்குகிறவன்தானே நீ.

ரதானா

·

தாபோர்
17 செப்டம்பர்

அக்கா,

திட்டு வாங்கிக்கொண்டேன். பதில் சொல்லவில்லை. போட்டி வேறு, நிஜம் வேறு என்பது என் கட்சி. அதை அப்புறம் பேசுவோம்.

சனிக்கிழமை ஹவ்ரான்கோவா அம்மாவைக் காரில் கூட்டிக்கொண்டு போனேன். தளம் இழுத்து மூடி இருபது வருஷம் ஆகப்போகிறது. கொட்டகைகளில் யாரோ வைக்கோல் அடுக்கியிருக்கிறார்கள். வேலிக் கம்பிகள் பாதிக்கு மேல் போய்விட்டன, சிமெண்டுத் தூண்கள் மட்டும் நிற்கின்றன. அம்மா காட்டு வழியாக என்னை நேராகக் கூட்டிப்போய், பாதைக்கு அப்பால் நின்ற ஒரு பாப்லர் மரத்துக்குக் கொஞ்சம் இடப்பக்கமாக, இரண்டு தூண்களுக்கு நடுவில் நின்றார். கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை.

"இங்கதான். அவர் எனக்கு வலப்பக்கத்திலேருந்து வருவார். அந்த மரத்துக்கு நேரா வரும்போது துணியை எடுப்பேன்."

"வாங்கம்மா, உள்ள போய்ப் பாக்கலாம். யாரும் இல்ல."

"வேணாம் தம்பி. நான் இங்கயே இருக்கேன்."

கம்பியே இல்லாத இடத்தில் வேலிக்கு வெளியே நின்றுகொண்டார், அக்கா. இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் ஒரு காலைக்கூட உள்ளே வைக்கவில்லை. நான் மட்டும் கருவியைத் தூக்கிக்கொண்டு போய், பாதை நெடுக நடந்து அளந்தேன். திரும்பிப் பார்த்தால் தூரத்தில் தூணுக்குப் பக்கத்தில் அவர் சின்னதாகத் தெரிந்தார். என்ன தோன்றியதோ, கையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். அப்புறம் எனக்கே வெட்கமாகிவிட்டது.

நீ கேட்டது: அறுபது மீட்டர். விமானிக்கு இடது பக்கம். கோட்டு பழுப்பு, காவல்காரன் கண்ணில் படாமல் இருக்க. துணி வெள்ளை, ஓரத்தில் நீலக் கோடு. காலை வெயில் அம்மாவின் முகத்தில் அடித்திருக்கும், எவ்ஷெனுக்கு முதுகில்.

நாற்பத்தெட்டில் சுருக்கினால் நம் சாப்பாட்டு மேசையின் அகலம் போதாது. இஸ்திரிப் பலகையை ஒட்டிப் போட்டிருக்கிறேன். ஒரு ஓரத்தில் பாதை, மறு ஓரத்தில் வேலி. சாப்பாடு ஜன்னல் விளிம்பில்தான்.

விமானி அறை என்னவாயிற்று?

ஹினெக்

·

ஒபாவா
26 செப்டம்பர்

ஹினெக்,

அறை இதோ. பஞ்சில் சுற்றி பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறேன். ஈரக் கையோடு தொடாதே. வெறும் கையோடும் தொடாதே.

அந்தப் பச்சைக்குத்தான் இத்தனை நாள் ஆனது. நீலமும் இல்லை, பச்சையும் இல்லை, கடல் ஆழமில்லாத இடத்தில் இருக்கும் நிறம். அதையேதான் அந்த விமானங்களுக்குள் அடித்திருந்தார்கள். நெடுநேரம் பார்த்தாலும் விமானிக்குக் கண் சோராது, மனசு அலையாது என்று யாரோ கணக்குப் போட்டு வைத்த நிறம். அடியில் கறுப்பு அடித்து, அதன்மேல் இதை மூச்சு விடுகிற மாதிரி மெல்ல மெல்ல ஏற்றினேன். மூலைகளில் இருட்டு தங்கியது, விளிம்புகளில் வெளிச்சம் வந்தது. இருக்கையின் வார்ப்பட்டையில் வெயில் பட்ட வெளுப்பு இருக்கிறது பார், அது நான் அடிக்கவே இல்லை. அதுவாக வந்து உட்கார்ந்தது. கருவியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டை விரல் அளவு இடம். ஒரு மனுஷன் உள்ளே போய் உட்காரலாம் போலிருந்தது.

மூடியதும் இதில் பாதி யார் கண்ணுக்கும் தெரியாது. என் மருமகள் கேட்டாள், "தெரியாததுக்கு எதுக்கு அத்தை இவ்ளோ மெனக்கெடறீங்க?" "எவ்ஷெனுக்குத் தெரியுமே" என்றேன். அவளுக்கு யார் எவ்ஷென் என்று தெரியாது. எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று என் மகனிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

விமானத்தின் உடம்புப் பாகத்தை ஒட்டி அனுப்பு. இணைப்புக் கோடுகளை நன்றாகத் தேய். கோடு இருந்தால் வெள்ளி காட்டிக்கொடுத்துவிடும், பழியை என் மேல் போடுவாய்.

ரதானா

·

தாபோர்
5 அக்டோபர்

அக்கா,

டப்பாவைத் திறக்கும்போது ஹவ்ரான்கோவா அம்மாவும் இருந்தார். பூதக்கண்ணாடியை அவர் கையில் கொடுத்தேன். குனிந்தவர் நிமிரவே இல்லை. தலை சுற்றுகிறதோ என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"பச்சையா?" என்றார்.

"ஆமாம்மா. எல்லாத்துலயும் இதே நிறந்தான்."

"நான் கறுப்புன்னு நெனச்சுட்டிருந்தேன் தம்பி. இத்தன வருஷமா அவரை ஒரு கறுப்புப் பெட்டிக்குள்ள உக்கார வெச்சிருந்தேன்."

அப்புறம் கொஞ்சம் பொறுத்து, "நல்ல நிறம். எங்க சமையலறை சுவர் கிட்டத்தட்ட இதுதான். அவர்தான் அடிச்சார். எதுக்கு இந்த நிறம்னு சண்டகூட போட்டேன்" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்தது அப்படியே அழுகையாகிவிட்டது. நான் காபி போடுகிறேன் என்று எழுந்து போனேன். எனக்கு இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று தெரியாது, உனக்குத்தான் தெரியும்.

ஒன்று சொல்லவேண்டும். நீ அடித்தது பிரமாதம். கண்காட்சியில் சொல்கிற பிரமாதம் இல்லை. நிஜமான பிரமாதம்.

இப்போது என் யோசனையைக் கேள். குழாய் அடைத்துக்கொண்டால் உள்ளே விட்டுப் பார்ப்பார்களே, கம்பி முனையில் கேமரா, அதில் ஒல்லியானது ஒன்று வாங்கினேன். அதன் முனை சரியாக விமானியின் தலை அளவுக்கு இருக்கிறது! இருக்கையில் தலை இருக்கும் இடத்தில் அதை இடப்பக்கம் பார்க்கும்படி பொருத்தி, கம்பியை இருக்கைக்குப் பின்னால் இறக்கி, உடம்புக்குள் ஓட்டி, வாலில் நெருப்பு வரும் ஓட்டை வழியாக வெளியே எடுத்துவிட்டேன். அறையை உள்ளே வைத்து ஒட்டி, உடம்பை மூடிவிட்டேன். அது பார்ப்பதை நாம் கணினித் திரையில் பார்க்கலாம். எவ்ஷெனின் கண் இருந்த இடத்தில் நம் கண் இருக்கும்.

உடம்பு, இறக்கை எல்லாம் பெட்டியில் வருகின்றன. வாலிலிருந்து தொங்கும் கம்பியைப் பிடித்துத் தூக்காதே. ஒரு சின்ன உருவமும் வைத்திருக்கிறேன், பொம்மை ரயில் விற்கும் கடையில் கிடைத்த பெண். கையை வெட்டி உயர்த்தி ஒட்டியிருக்கிறேன். அதற்கும் வர்ணம்.

ஹினெக்

·

ஒபாவா
19 அக்டோபர்

ஹினெக்,

முடித்துவிட்டேன். நாளைக்குத் தபாலில் போகும். தபால்காரி, "உள்ள என்ன, குண்டா?" என்று கம்பியைப் பார்த்துக் கேட்கப் போகிறாள்.

முதலில் கண்ணாடி மாதிரிக் கறுப்பு. அது காய்ந்த பிறகு வெள்ளி, மிகவும் தண்ணீராக, காற்றழுத்தத்தைக் குறைத்து. தகடு தகடாக ஒட்டுத்தாளால் மறைத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு சாயல் மாற்றினேன். நிஜ விமானத்திலும் ஒரு தகடு புதிது, ஒன்று பழசு, ஒன்றை எத்தனையோ தடவை கழற்றி மாட்டியிருப்பார்கள். வால் பக்கம் சூட்டில் வெந்து வைக்கோல் நிறமாகி, அப்புறம் ஊதாவாகும். அதை அடிக்கும்போது எனக்கு எப்போதும் பயம். ஒரு துளி அதிகமானாலும் கல்யாண வீட்டு பலூன் மாதிரி ஆகிவிடும். ஆகவில்லை.

இந்த முறை மங்கலை எவ்வளவு வைப்பது என்று நெடுநேரம் யோசித்தேன். அறுபது மீட்டர் காற்று. அவள் பார்த்தது அந்த வெள்ளியைத்தான். ஆனால் பார்க்கப்போகிறவன் உள்ளே இருக்கிறான், அவனுக்கு விமான மூக்கின் மேல்பாகம் மட்டும் கொஞ்சம் தெரியும், அங்கே காற்றே இல்லை. ஒரே விமானத்துக்கு இரண்டு தூரம்! இப்படி ஒரு சிக்கல் என் வாழ்க்கையில் வந்ததில்லை. கடைசியில் வெளியே அவளுக்காக அடித்தேன், கண்ணாடிக்கு முன்னால் உள்ள அந்தச் சின்ன இடத்தை அவனுக்காக அடித்தேன். எங்கே ஒன்று முடிந்து ஒன்று தொடங்குகிறது என்று உன்னால் கண்டுபிடிக்க முடியாது. முடிந்தால் சொல், பீர் வாங்கித் தருகிறேன்.

அந்தப் பெண்ணுக்குப் பழுப்பை வெளுத்து அடித்தேன், அவள் காற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கிறாள். முகம் வைக்கவில்லை. அவ்வளவு தூரத்தில் முகம் தெரியாது. துணிக்கு டிஷ்யூ காகிதம். நீலக் கோட்டை மட்டும் போட்டேன், அதுவும் தெரியாதுதான். போடாமல் இருக்க மனசு வரவில்லை.

பவுடரையும் துணியையும் பூட்டி வை. சாவியைத் தூர எறி.

ரதானா

·

தாபோர்
28 அக்டோபர்

அக்கா,

விமானத்தைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுத முடியவில்லை. அதை மேசையில் வைத்ததும் சமையலறை சின்னதாகிவிட்டது என்று மட்டும் சொல்கிறேன். நீ எங்கே மாற்றினாய் என்று தெரியவில்லை. பீர் உன் கணக்கில் மிச்சம்.

ஆனால் நான் இப்போது பெரிய இக்கட்டில் இருக்கிறேன்.

பாதையில் பாப்லர் மரத்துக்கு நேராக விமானத்தை வைத்தேன். வேலியில், அளந்த இடத்தில், அந்தப் பெண்ணை நிறுத்தினேன். சக்கரத்தின் உயரம், இருக்கையின் உயரம், எல்லாம் சரிபார்த்தேன். கணினியைப் போட்டேன். திரையில் இடப்பக்கக் கண்ணாடி வந்தது, உன் பச்சை விளிம்பு வந்தது, அதற்கு அப்பால் வேலித் தூண்கள், புதர். அப்படியே நிஜம், அக்கா. பின்னால் தொங்கின என் துண்டுகூட வானம் மாதிரி இருந்தது. ஒரு நிமிஷம் நான் உள்ளே இருந்தேன்.

அவளைக் காணோம்.

முன் கண்ணாடிக்கும் மேல் மூடிக்கும் நடுவில் தடியாக ஒரு சட்டம் வருமே, அந்தச் சட்டத்துக்குப் பின்னால் சரியாக மறைந்து நிற்கிறாள். உயர்த்திய கையின் துணிகூடத் தெரியவில்லை. கண்ணாடி மூடியைக் கழற்றி, கேமராவைச் சரிபார்த்து, மறுபடி மாட்டினேன். அப்படியேதான். எங்கேயாவது நான் தப்பு செய்திருக்க மாட்டேனா என்று தேடுகிறேன், தப்பே கிடைக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று ஹவ்ரான்கோவா அம்மா சொல்லியிருக்கிறார். சந்தையில் பார்த்தபோது, "தெரியுதா தம்பி?" என்றார். "இன்னும் பசை காயலம்மா" என்று சொல்லிவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

என்ன சொல்வேன் அவரிடம்? இரண்டு வருஷம் நீங்கள் ஒரு இரும்புச் சட்டத்துக்குத் துணி ஆட்டினீர்கள் என்றா?

ஒன்று தோன்றுகிறது. உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. கண்ணாடியின் சட்டத்தை உள்பக்கம் அரத்தால் லேசாக இழைத்தால் போதும். நூல் அளவு. அவள் கை தெரிந்துவிடும். யாருக்கும் தெரியாது, நடுவருக்குக்கூடத் தெரியாது. அரம் கையில்தான் இருக்கிறது. உன் பதில் வராமல் தொடமாட்டேன்.

ஹினெக்

·

ஒபாவா
31 அக்டோபர், விரைவுத் தபால்

முட்டாளே,

அரத்தைக் கீழே வை.

நீ இழைத்தால் அந்தப் பெண் பார்ப்பது எவ்ஷென் பார்த்தது இல்லை, ஹினெக் பார்த்தது. அவள் தேறுதல் கேட்டு உன்னிடம் வரவில்லை. முடியுமா, முடியாதா என்று கேட்டு வந்தாள். முடியாது என்றால் முடியாது என்று சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்று தெரியாவிட்டால் ரயிலேறி வந்து நான் சொல்கிறேன். இதை எழுதும்போதே என் கண் நிறைந்துவிட்டது, ஆனாலும் அப்படித்தான்.

இப்படி எழுதி, மடித்து, உறையில் போட்டு, எச்சில் தொட்டு ஒட்டியும் விட்டேன். அப்போது ஜன்னலுக்கு வெளியே பேருந்து போனது. என் பக்கத்து வீட்டுக்காரி உள்ளே உட்கார்ந்திருந்தாள். பேருந்தின் கம்பிக்குப் பின்னால் மறைந்தாள், அப்புறம் வெளியே வந்தாள், என்னைப் பார்த்துக் கை ஆட்டினாள்.

உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன்.

டேய் ஹினெக்! விமானம் நகரும்டா!

நீயும் நானும் இத்தனை வருஷமாக விமானத்தைப் பலகையில் ஒட்டி வைத்தே பழகிவிட்டோம். நிற்கும் விமானம், நிற்கும் விமானி, நிற்கும் சக்கரம். அது ஊர்ந்து போயிற்று. அவள் நின்றாள், அவன் போனான். அந்தச் சட்டமும் அவனோடு சேர்ந்து போயிருக்கும். இது நமக்கு உறைக்கவில்லை பார். மாதிரி செய்கிற முட்டாள்களைத் தவிர வேறு எவருக்கும் இந்தத் தப்பு வராது. நான் சிரிக்கிறேன். மருமகள் கதவருகே நின்று பார்க்கிறாள்.

சக்கரத்தை ஒட்டிவிடாதே. தள்ளிப் பார். உடனே எழுது. வேண்டாம், போன் பண்ணு, எடுக்கிறேன். வேண்டாம் வேண்டாம், அவள் வந்து பார்த்த பிறகு எல்லாவற்றையும் எழுது. போனில் சொன்னால் நீ பாதியை முழுங்கிவிடுவாய்.

ரதானா

·

தாபோர்
4 நவம்பர், ஞாயிறு

அக்கா,

ஹவ்ரான்கோவா அம்மா இப்போதுதான் போனார். எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்தும் நான் தள்ளிப் பார்க்கவில்லை. கை வரவில்லை. அவருக்கு முன்னால் நான் பார்க்கக்கூடாது என்று தோன்றியது. தெரியாமலே போனாலும் இரண்டு பேரும் சேர்ந்தே தெரிந்துகொள்வோம் என்று விட்டுவிட்டேன்.

நல்ல உடுப்பு போட்டுக்கொண்டு வந்திருந்தார். முதலில் விமானத்தைப் பார்த்தார். மற்றவர்களைப் போல மூக்கை ஒட்டவில்லை. கதவருகிலேயே நின்று, "ஆமா. இப்பிடித்தான் இருக்கும். இதுக்கு மேல பளபளன்னு இருக்காது" என்றார். நீ ஜெயித்தாய், அக்கா. பதக்கத்தை உனக்கு அனுப்பட்டுமா, குப்பையில் போடட்டுமா, நீயே சொல்.

நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். மரத்துக்கு நேராக நின்றால் தெரியவில்லை, நகர்த்தினால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியாது என்றேன். திரைக்கு முன்னால் உட்கார வைத்தேன். விமானத்தின் வால் அவர் கைக்கு எட்டியது.

"நீங்களே தள்ளுங்கம்மா."

"நானா? ஒடஞ்சிடுமே."

"ஒடையாது. தள்ளுங்க."

ஒரு விரலை வைத்துத் தள்ளினார். திரையில் வேலித் தூண்கள் நகர ஆரம்பித்தன. ஒன்று, இன்னொன்று. புதர் வந்தது. அந்தச் சட்டம் குறுக்கே பெரிசாக இருட்டாக இருந்தது. அப்போது சட்டத்தின் விளிம்பிலிருந்து வெள்ளையாக ஒரு பொட்டு வெளியே வந்தது. துணி. அப்புறம் கை. அப்புறம் பழுப்புக் கோட்டு. முழுசாக வந்து கண்ணாடி நடுவில் நின்றாள், நம் பெண். நீ முகம் வைக்கவில்லை, ஆனாலும் சத்தியமாகச் சொல்கிறேன், அவள் எங்களைத்தான் பார்த்தாள். எத்தனை வருஷம் இந்தப் பிளாஸ்டிக்கோடு மல்லுக்கட்டியிருக்கிறேன், அதற்குள் இப்படி ஒன்று இருக்கும் என்று நினைத்ததே இல்லை.

அம்மா திரையைத் தொட்டார்.

"அது நானா?"

"நீங்கதாம்மா."

"இவ்ளோ நல்லாவே தெரியறேனே!"

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் நீ எழுதியிருந்தாய், அவர் தேறுதல் கேட்டு வரவில்லை என்று. அதனால் எனக்குத் தெரிந்த மீதியையும் சொன்னேன். "அம்மா, நீங்க ரொம்ப மெதுவாத் தள்ளறீங்க. நெசமா அவர் வேகமாப் போயிருப்பார். சட்டம் தாண்டினதும் ஒரு கணம் தெரிஞ்சிருப்பீங்க, அவ்ளோதான். அந்த நேரம் அவர் வேற எங்கயாவது பாத்துட்டிருந்தா போச்சு."

"இல்ல தம்பி. அந்த எடத்துல மெதுவாத்தான் போவார்."

"எந்த எடத்துல?"

"மரத்தத் தாண்டினதும். எப்பவும் அங்க வந்து சத்தத்தக் கொறச்சு, நடக்கற மாதிரி போவார். அப்பறம் மறுபடி வேகம் எடுப்பார். அங்க தரை மோசம் போலருக்கு, குழி ஏதாவது இருக்கும்."

அக்கா, நான் அந்தப் பாதையைக் கருவி வைத்து அளந்தவன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தவன். அம்மா வேலியைத் தாண்டி வரவே இல்லை, தரையைப் பார்த்ததே இல்லை. சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு நொடி தவித்தேன். அப்புறம் சொன்னேன்.

"அங்க குழி எதுவும் இல்லம்மா. வளைவும் இல்ல, குறுக்குப் பாதையும் இல்ல. பாதை நெடுக ஒரே சமமா, நேரா, நல்ல சிமெண்டு. அங்க மெதுவாப் போறதுக்கு ஒரு காரணமும் இல்ல."

விரலை வாலிலிருந்து எடுத்துவிட்டார். இந்த முறை நான் காபி போட எழுந்து போகவில்லை, பக்கத்திலேயே இருந்தேன்.

"சொல்லவே இல்லையே அவர்" என்றார். கொஞ்சம் கழித்து, "நானும் சொல்லலதான்."

பிறகு விமானத்தை மெல்லப் பிடித்து, பாதையின் தொடக்கத்துக்குக் கொண்டுபோய் வைத்தார். மறுபடி தள்ளினார், இந்த முறை வேகமாக. மரத்தைத் தாண்டியதும் மெதுவாக்கினார்.

ஹினெக்